சிறிய ஊருக்குப் பெரிய வழக்கறிஞர் கட்டுப்படியாகுமா?

கால்வாய் அடைத்துக் கிடக்கிறது. தெருவிளக்கு எரியவில்லை. சாலையெங்கும் குண்டும் குழியும். இந்த நிலையில், ஒரு வழக்குக்காக நகர நிர்வாகம் வெளியிலிருந்து பெரிய வழக்கறிஞரை அமர்த்தியிருக்கிறது, கட்டணம் லட்சக்கணக்கான வெள்ளி என்று செய்தி வந்தால், மதிப்பீட்டு வரி கட்டுகிறவர் மனம் கொதிக்காதா? "அந்தப் பணத்தில் எத்தனை கால்வாய்களைத் தூர் வாரியிருக்கலாம்!" என்றுதான் கேட்பார். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை.

மறுதரப்பு வாதமும் வலுவானதுதான். எதிரே பெரும் நிறுவனமோ பெரிய அரசாங்கமோ நிற்கிறது. கைதேர்ந்த வழக்கறிஞர்கள் புடைசூழ வருகிறது. அந்த நேரத்தில் அலுவலகத்துச் சட்ட அதிகாரி ஒருவரை மட்டும் அனுப்பி வைத்தால் ஊர்ச் சொத்து என்னாவது? கட்டணத்தை மிச்சம் பிடித்துவிட்டு நிலத்தை இழப்பது கெட்டிக்காரத்தனமா?

இந்த விவாதம் புதிதன்று. ஜொகூர் பாரு என்ற ஊர் பிறந்த காலத்திலிருந்தே இந்தக் கேள்வி அதனுடன் கூடவே வந்துகொண்டிருக்கிறது. வழக்கறிஞருக்குப் பணம் கொடுத்துத் தன் உரிமையைக் காத்துக்கொண்ட கதை அங்கே உண்டு. ஒரு வரிக் கடிதத்தால் ஒரு தீவே கைநழுவிப் போன கதையும் அங்கே உண்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் கணக்கு சரியாகப் புரியும்.

தாளில் எழுதப்பட்ட தலைவிதி

1824 ஆகஸ்டு 2ஆம் நாள். சுல்தான் ஹுசேனும் தெமெங்கோங் அப்துல் ரஹ்மானும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். ரொக்கமும் மாதாந்தரத் தொகையும் அவர்களுக்குக் கிடைத்தன. சிங்கப்பூர்த் தீவு என்றென்றைக்குமாகக் கம்பெனியிடம் போனது. அந்தத் தாளின் விலை என்ன என்பதை இன்று ஜொகூர் பாலத்தின் மீது நின்று பார்த்தாலே தெரியும்.

1855 மார்ச் 10ஆம் நாள் இன்னோர் உடன்படிக்கை. ஹுசேனின் மகன் சுல்தான் அலி பட்டத்தை வைத்துக்கொண்டார். மூவார் பக்கத்துக் கெசாங் நிலப்பகுதி மட்டும் அவருக்கு நின்றது. எஞ்சிய ஜொகூரின் ஆட்சி தெமெங்கோங் டாயெங் இப்ராஹிமுக்குச் சேர்ந்தது. அதே ஆண்டில், சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், தஞ்சோங் புத்ரி என்ற இடத்தில் அவர் ஒரு குடியிருப்பை அமைத்தார். 1866இல் அவருடைய மகன் அபு பாக்கார் அதற்கு ஜொகூர் பாரு என்று பெயர் சூட்டினார்.

அன்றைய ஜொகூர் பாரு எத்தகைய ஊர்? உள்நாட்டு ஆற்றங்கரைகளில் சீனக் குடியானவர்கள் மிளகும், காசுக்கட்டி கிடைக்கும் கம்பீர்ச் செடியும் பயிரிட்டார்கள். அந்த வருமானத்தில் ஓடிய சிறிய தலைநகர் அது. எதிர்க்கரையிலோ உலகத்தின் மிகப் பெரிய வல்லரசு. 1874இல் பங்கோர் உடன்படிக்கை வந்தது. பேராக்கில் ஆங்கிலேய ரெசிடெண்டு அமர்ந்தார். பெயருக்கு அவர் ஆலோசகர். ஆனால் சமயமும் மலாய்ச் சம்பிரதாயமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவர் சொல்தான் சட்டம். அடுத்து ஜொகூரா என்ற கேள்வி எழுந்தது. பீரங்கிக்குப் பீரங்கி வைத்துப் போராட ஜொகூருக்கு வலுவில்லை. பின் எதை வைத்துப் போராடுவது?

லண்டனுக்குப் போன செலவு

அபு பாக்கார் தேர்ந்தெடுத்த ஆயுதம் சட்டம். சிங்கப்பூரில் கவர்னராக இருந்த பிரடெரிக் வெல்டு ஜொகூரிலும் ரெசிடெண்டு முறையைக் கொண்டுவர விரும்பினார். அபு பாக்கார் அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. 1885இல் நேராக லண்டனுக்குப் போய்க் காலனித்துவ அமைச்சோடு பேசினார். அவருக்குத் துணையாக நின்றவர் அப்துல் ரஹ்மான் அண்டாக். இங்கிலாந்தில் படித்தவர், ஆங்கிலேயரின் மொழியையும் அலுவலக நடைமுறையையும் உள்ளங்கை நெல்லிக்கனியாக அறிந்தவர், பின்னாளில் ஜொகூரின் அரசுச் செயலாளரானவர்.

1885 டிசம்பர் 11ஆம் நாள் கையெழுத்தான உடன்படிக்கை அவரை ஜொகூர் நாட்டின் சுல்தானாக ஏற்றுக்கொண்டது. வெளிநாட்டு விவகாரம் பிரிட்டனிடம் போனது. ஆனால் ரெசிடெண்டு வரவில்லை. துணைத்தூதருக்கு (கான்சல்) நிகரான பணியுள்ள ஒரு முகவரை அனுப்பலாம் என்று மட்டுமே எழுதப்பட்டது. மறு ஆண்டிலேயே லண்டனில் ஜொகூர் ஆலோசனை வாரியம் ஒன்று அமைக்கப்பட்டது. காலனி விவகாரம் தெரிந்த ஆங்கிலேயர்களே ஜொகூரின் நலனுக்காக லண்டனில் பேசினார்கள். முள்ளை முள்ளால் எடுக்கும் வழி இது.

அந்த உடன்படிக்கையின் வலு எவ்வளவு என்பது யாரும் எதிர்பாராத ஒரு வழக்கில் தெரிய வந்தது. அபு பாக்கார் இங்கிலாந்தில் ஆல்பர்ட் பேக்கர் என்ற பெயரில் பழகித் தம்மை மணப்பதாக வாக்களித்து ஏமாற்றிவிட்டார் என்று ஓர் ஆங்கிலப் பெண் 1893இல் வழக்குத் தொடுத்தார். சட்ட நூல்களில் இன்றும் பேசப்படும் மைகெல் எதிர் ஜொகூர் சுல்தான் வழக்கு அதுதான்.

வழக்கின் அந்தரங்கம் ஒருபுறம் இருக்கட்டும். நீதிமன்றத்தின் முன் நின்ற கேள்வி வேறு. ஜொகூர் சுல்தான் சுதந்திர நாட்டின் அரசரா, இல்லையா? வெளிநாட்டு உறவைப் பிரிட்டனிடம் ஒப்படைத்தவரை எப்படிச் சுதந்திர அரசர் என்பது? இதுவே அந்தப் பெண் தரப்பின் வாதம். ஆனால் காலனித்துவ அமைச்சு தந்த கடிதம், ஜொகூர் ஒரு சுதந்திர நாடு, அபு பாக்கார் அதன் ஆட்சியாளர் என்று உறுதிப்படுத்தியது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டு, 1885 உடன்படிக்கை அவருடைய இறையாண்மையைப் பறித்துவிடவில்லை என்று தீர்ப்பளித்தது. வழக்கு தள்ளுபடியானது. ஒரு தனிமனிதர் தப்பித்தார் என்பது சின்ன விஷயம். ஜொகூரின் இறையாண்மை இங்கிலாந்தின் தீர்ப்புத் தொகுப்பிலேயே பதிவாகிவிட்டது என்பதுதான் பெரிய விஷயம்.

அடுத்த படியும் சட்டத்தின் வழியில்தான். சிங்கப்பூரிலிருந்த ரோடிக் அண்ட் டேவிட்சன் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் நிறுவனத்தின் உதவியோடு ஜொகூருக்கு எழுத்து வடிவ அரசமைப்புச் சட்டம் ஒன்று வரையப்பட்டது. 1895 ஏப்ரல் 14இல் அது பிரகடனம் செய்யப்பட்டது. மலாய் மாநிலங்களில் இதுபோன்ற நவீன அரசமைப்பை முதலில் பெற்றது ஜொகூர்தான். அதன் 15ஆவது விதி மிக முக்கியமானது. ஜொகூரையோ அதன் எந்தப் பகுதியையோ எந்த ஐரோப்பிய வல்லரசுக்கும் ஒப்படைக்கும் உரிமை ஆட்சியாளருக்கே கிடையாது என்று அது அறுதியிட்டுச் சொன்னது.

சட்டம் பிறந்து 51ஆம் நாள், ஜூன் 4ஆம் தேதி, அபு பாக்கார் லண்டனில் காலமானார். இன்னும் இரண்டு மாதம் தாமதித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

செலவும் பலனும்

இதற்கெல்லாம் பணம் செலவாகவில்லையா? செலவாயிற்று. அபு பாக்காரின் ஐரோப்பியப் பயணங்களையும் தாராளச் செலவையும் ஆங்கிலேய அதிகாரிகள் குறை கூறிக்கொண்டே இருந்தார்கள். கம்பீர் தோட்டத்துப் பணம் லண்டன் விடுதிகளிலும் வழக்கறிஞர் அலுவலகங்களிலும் கரைகிறதே என்று அன்று யாராவது கேட்டிருந்தால், அதுவும் நியாயமான கேள்வியே.

இன்னோர் உண்மையையும் மறைக்கக் கூடாது. தாள் மட்டும் ஊரைக் காப்பாற்றிவிடாது. அப்துல் ரஹ்மான் அண்டாக் ஆங்கிலேயருக்குக் கண்ணில் விழுந்த தூசியாக இருந்தார். அவர்களுடைய நெருக்குதலால் 1909இல் ஓய்வு கொடுக்கப்பட்டு லண்டனுக்குப் போனார். 1910இல் ஜொகூருக்கு ஆங்கிலேயப் பொது ஆலோசகர் வந்தார். 1914இல் உடன்படிக்கை திருத்தப்பட்டது. பொது ஆலோசகரின் ஆலோசனையைக் கேட்பதோடு நில்லாமல் அதன்படி நடக்கவும் வேண்டும் என்ற நிலை வந்தது. சட்டம் இருக்கத்தான் செய்தது. அதைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தெரிந்த ஆள்தான் இல்லை. வெளி வழக்கறிஞர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், உள்ளே ஒருவர் அவரை இயக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் முதல் பாடம்.

ஆனாலும் அந்தச் செலவு வீணாகவில்லை. வங்கியில் போட்டு மறந்துபோன பணம் வட்டியோடு வருவதுபோல, அரை நூற்றாண்டுக்குப் பிறகு அது கைகொடுத்தது. 1945 அக்டோபரில் ஹெரால்டு மெக்மைக்கல் மலாய் மாநிலங்களுக்கு வந்து ஆட்சியாளர்களிடம் புதிய உடன்படிக்கைகளில் கையெழுத்து வாங்கினார். தகுந்த சட்ட ஆலோசனை கேட்கவும் கலந்து பேசவும் போதிய அவகாசம் தரப்படவில்லை என்ற மனக்குறை ஆட்சியாளர்களிடையே பின்னர் எழுந்தது. முதலில் கையெழுத்திட்டவர் ஜொகூரின் சுல்தான் இப்ராஹிம். மலாயன் யூனியன் திட்டத்துக்கு அந்தக் கையெழுத்துகளே அடித்தளம்.

அப்போது ஜொகூர் மலாய்க்காரர்கள் எதைக் கையில் எடுத்தார்கள் தெரியுமா? 1895ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தைத்தான். நாட்டை ஒப்படைக்கும் உரிமை ஆட்சியாளருக்கே இல்லை என்ற 15ஆவது விதியைக் காட்டி 1946 தொடக்கத்தில் குரல் எழுப்பினார்கள். அதே ஆண்டு மே 11இல் ஜொகூர் பாரு அரண்மனையில் அம்னோ பிறந்தது. அந்த இயக்கமும் வெளி வழக்கறிஞரை நாடத் தயங்கவில்லை. மலாய் மாநிலங்களின் சட்ட நிலை பற்றி ஆழ்ந்து எழுதியிருந்த சர் ரோலண்டு பிராடல் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் சட்ட ஆலோசகராக நின்றார். 1948 பிப்ரவரி 1இல் மலாயன் யூனியன் மறைந்து மலாயாக் கூட்டரசு உதித்தது. மக்கள் எழுச்சிதான் அதன் உயிர். ஆனால் அந்த எழுச்சி பிடித்துக்கொள்ள ஒரு சட்டத் தாள் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயிரம் கேலன், மூன்று காசு

நாணயத்தின் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் தண்ணீர் பக்கம் திரும்ப வேண்டும். 1927 டிசம்பர் 5ஆம் நாள் சுல்தான் இப்ராஹிமும் சிங்கப்பூர் நகராண்மை ஆணையர்களும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். குனோங் பூலாய் நிலத்தைச் சிங்கப்பூர் நகரம் குத்தகைக்கு எடுத்து அங்கிருந்து தண்ணீர் கொண்டுபோக அது வழி செய்தது. பின்னர் 1961 செப்டம்பர் 1இலும் 1962 செப்டம்பர் 29இலும் மேலும் இரண்டு ஒப்பந்தங்கள். ஒருபக்கம் ஜொகூர் மாநில அரசாங்கம், மறுபக்கம் சிங்கப்பூர் நகர மன்றம். ஒரு நகர நிர்வாகம் எழுதும் ஒப்பந்தம் எத்தனை தலைமுறைக்கு நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1961 ஒப்பந்தம் 50 ஆண்டு ஓடி 2011 ஆகஸ்டில் முடிந்தது. 1962 ஒப்பந்தம் 2061 வரை நிற்கும். ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளலாம். ஆயிரம் கேலன் கச்சா நீருக்கு மூன்று காசு. அதைச் சுத்திகரித்த பின் ஜொகூர் திரும்ப வாங்கும் பங்குக்கு ஆயிரம் கேலனுக்கு 50 காசு.

விலையை மாற்ற வழியே இல்லையா? இருந்தது. 25 ஆண்டுக்குப் பின் பணத்தின் வாங்கும் சக்தி, கூலி, மின்சாரம், பொருள்களின் விலை ஆகியவற்றைக் கருதி விலையை மறுபரிசீலனை செய்யலாம், தகராறு வந்தால் நடுவர் தீர்ப்புக்குப் போகலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. 1986உம் 1987உம் வந்தன. மலேசியா மறுபரிசீலனை கேட்கவில்லை. விலையைக் கூட்டினால் சுத்திகரித்த நீரின் விலையும் கூடுமே என்ற யோசனை அப்போது இருந்தது.

அதன்பிறகு ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு இரு நாடுகளும் வாதாடி வந்திருக்கின்றன. 25 ஆண்டுக்குப் பின் என்றால் அந்த ஆண்டிலா, அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலுமா? உரிய ஆண்டு கடந்ததால் உரிமையும் போயிற்று என்பது சிங்கப்பூரின் நிலை. உரிமை இன்னும் இருக்கிறது என்பது மலேசியாவின் நிலை. யார் சொல்வது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த வாசகம் எழுதப்பட்ட நாளில், "இந்தப் ‘பின்’ எப்போது முடியும்?" என்று ஒருவர் கேட்டுத் தெளிவாக எழுதி வைத்திருந்தால், இத்தனை ஆண்டு மனத்தாங்கல் மிச்சமாகியிருக்குமே.

ஒரு வரிக் கடிதம்

தண்ணீரில் வாதாட இன்னும் இடமிருக்கிறது. தீவின் கதையில் அதுவும் இல்லை. மலேசியாவில் பத்து பூத்தே என்றும் சிங்கப்பூரில் பெட்ரா பிராங்கா என்றும் அழைக்கப்படும் அந்தப் பாறைத் தீவு 137 மீட்டர் நீளம்தான். ஜொகூர்க் கரையிலிருந்து ஏறத்தாழ 7.7 கடல் மைல். சிங்கப்பூரிலிருந்து 24 கடல் மைல். ஆங்கிலேயர்கள் அங்கே கட்டிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் 1851 முதல் எரிந்து வருகிறது.

1953 ஜூன் 12இல் சிங்கப்பூர் காலனி அரசாங்கம், ஜொகூரிலிருந்த ஆங்கிலேய ஆலோசகருக்கு ஒரு கடிதம் எழுதியது. கடல் எல்லையை வரையறுக்க வேண்டியிருக்கிறது, இந்தத் தீவு குத்தகைக்கு விடப்பட்டதா, ஒப்படைக்கப்பட்டதா, அதற்கான ஆவணம் ஏதும் உண்டா என்பது அதன் சாரம். செப்டம்பர் 21இல் ஜொகூரின் தற்காலிக அரசுச் செயலாளரிடமிருந்து பதில் போனது. பத்து பூத்தேயின் உடைமையை ஜொகூர் அரசாங்கம் கோரவில்லை என்பதே பதில். கேட்டது ஆவணத்தைப் பற்றி. வந்ததோ ஒரே ஒரு வாக்கியம். எதை ஆராய்ந்து அப்படிச் சொல்லப்பட்டது என்ற விளக்கம் அதில் இல்லை.

ஆண்டுகள் உருண்டன. 1979 டிசம்பரில் மலேசியா அந்தத் தீவைத் தன் எல்லைக்குள் காட்டி ஒரு வரைபடம் வெளியிட்டது. 1980 பிப்ரவரி 14இல் சிங்கப்பூர் எதிர்ப்புத் தெரிவித்தது. 2003இல் இரு நாடுகளும் ஒப்புக்கொண்டு, வழக்கை ஹேக் நகரிலுள்ள அனைத்துலக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயின.

அங்கே இரு தரப்பிலும் உலகப் புகழ் பெற்ற வழக்கறிஞர்கள் நின்றார்கள். மலேசியாவுக்கு எலிஹு லாட்டர்பாக்ட், ஜேம்ஸ் கிராஃபோர்டு போன்றோர். சிங்கப்பூருக்கு இயன் பிரவுன்லி, அலன் பெல்லே போன்றோர். ஆனால் சிங்கப்பூர் வெளியாரை மட்டும் நம்பவில்லை. துணைப் பிரதமர் எஸ்.ஜெயக்குமார், தூதர் டோமி கோ, ஈப்போவில் பிறந்து சிங்கப்பூரின் தலைமை நீதிபதியான சான் செக் கியோங் ஆகியோரும் நேரில் நின்று வாதாடினார்கள். 2007 நவம்பரில் வாதம் நடந்தது.

2008 மே 23இல் தீர்ப்பு வந்தது. அதைப் படிக்கும் ஜொகூர்க்காரர் எவருக்கும் நெஞ்சு வலிக்கும். தொடக்கத்தில் அந்தத் தீவின் உரிமை ஜொகூர் சுல்தானகத்துக்கே இருந்தது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது! ஆனால் 1980க்குள் அந்த உரிமை சிங்கப்பூருக்கு மாறிவிட்டது என்று 12க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்மானித்தது. ஏன்? 1953 கடிதம் மிக முக்கியமான காரணம். 1962 முதல் 1975 வரை மலாயாவும் மலேசியாவும் வெளியிட்ட ஆறு வரைபடங்களில் அந்தத் தீவின் அடியில் சிங்கப்பூர் என்று குறிக்கப்பட்டிருந்ததும் எடுத்துக் காட்டப்பட்டது.

மலேசிய வழக்கறிஞர்கள் விடவில்லை. கடிதம் எழுதியவருக்கு அதற்கான அதிகாரமே கிடையாது என்றார்கள். உடைமை வேறு, இறையாண்மை வேறு என்றார்கள். கெட்டிக்காரத்தனமான வாதங்கள்தாம். ஆனால் நீதிமன்றம் ஏற்கவில்லை. உடைமைக்கும் இறையாண்மைக்கும் உள்ள வேறுபாட்டை 1953இல் அந்தத் தாளில் எழுதியிருந்தால் கதை வேறு. அரை நூற்றாண்டு கழித்து அந்த வேறுபாட்டைப் பேச எத்தனை பெரிய வழக்கறிஞரை அமர்த்தி என்ன பயன்?

இன்னொன்றும் நடந்தது. 1844இல் கலங்கரை விளக்கம் கட்டுவது பற்றிக் கவர்னர் எழுதிய கடிதங்களுக்குச் சுல்தானும் தெமெங்கோங்கும் அனுப்பிய பதில்கள் கிடைத்தன. ஆனால் கவர்னர் எழுதிய மூலக் கடிதங்கள் கிடைக்கவில்லை. அனுமதி கேட்டது எந்தப் பாறைக்கு என்பதைப் பதில்களை மட்டும் வைத்து முடிவு செய்ய நீதிமன்றத்தால் இயலவில்லை. காகிதத்தைப் பாதுகாக்காத ஊருக்கு வழக்கறிஞர் என்ன செய்ய முடியும்?

கட்டணம் அத்தனையும் கடலில் கரைந்தது என்று சொல்வதும் நியாயமில்லை. அருகிலுள்ள நடுப்பாறைகள் மலேசியாவுக்கே என்று 15க்கு 1 என்ற வாக்கில் தீர்ப்பானது. 2017இல் பிரிட்டிஷ் ஆவணக் காப்பகத்திலிருந்து கிடைத்த தாள்களைக் காட்டித் தீர்ப்பை மறுபரிசீலிக்கும்படி மலேசியா கேட்டது. ஆனால் 2018 மே மாதத்தில், விசாரணைக்கு முன்பே அந்த மனு மீட்டுக்கொள்ளப்பட்டது. தீர்ப்புக்குப் பத்தாண்டு கடந்தபின் மறுபரிசீலனை கேட்க அந்த நீதிமன்றத்தின் சட்டம் இடம் தராது. அந்தப் பத்தாண்டும் அதே மாதத்தில்தான் முடிந்தது. இந்த விவகாரம் கையாளப்பட்ட விதத்தை ஆராய 2024இல் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டு, அதன் அறிக்கை அவ்வாண்டு டிசம்பரில் வெளியானது. கதவு சாத்திய பிறகு சாவியைப் பற்றிய விசாரணை அது.

காலத்தே அமர்த்திய வழக்கறிஞர்

இதே வழக்கறிஞர்களை உரிய நேரத்தில் அமர்த்தியபோது பலன் வேறாக இருந்தது. ஜொகூர் நீரிணையில் சிங்கப்பூர் கடலைத் தூர்த்து நிலமாக்கிக்கொண்டிருந்தபோது, வேலை முடியும் வரை மலேசியா காத்திருக்கவில்லை. 2003 செப்டம்பரில் அனைத்துலகக் கடல் சட்ட நடுவர் மன்றத்துக்குப் போனது. அங்கேயும் லாட்டர்பாக்டும் கிராஃபோர்டும் நின்றார்கள். அக்டோபர் 8இல் உத்தரவு வந்தது. வேலையை முற்றிலும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் இரு தரப்பும் கூட்டாக வல்லுநர் குழு அமைத்து ஆராய வேண்டும், சீர்செய்ய முடியாத தீங்கு நேரக் கூடாது என்றது. 2005 ஏப்ரலில் சமரசம் கையெழுத்தானது.

உலகத்தில் இன்னும் சிறிய ஊர் ஒன்றின் கதையும் உண்டு. பசிபிக் கடலிலுள்ள நவ்ரு தீவின் மக்கள் தொகை பத்தாயிரம் அளவுதான். ஒரு சிறு பட்டணத்துக்குக்கூடப் பற்றாது. அந்தத் தீவின் பாஸ்பேட்டைத் தோண்டியெடுத்து நிலத்தைப் பாழாக்கியதற்கு ஆஸ்திரேலியா பதில் சொல்ல வேண்டும் என்று அது 1989இல் அனைத்துலக நீதிமன்றம் போனது. அதற்கு முன்பே இலங்கையைச் சேர்ந்த சட்ட அறிஞர் வீரமந்திரி தலைமையில் விசாரணைக் குழு அமைத்து, ஆவணங்களைத் திரட்டி வைத்துக்கொண்டது. பின்னாளில் சிங்கப்பூருக்காக நின்ற அதே பிரவுன்லிதான் நவ்ருவுக்கும் வாதாடியவர். 1993இல் ஆஸ்திரேலியா 10 கோடியே 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசம் செய்தது. கட்டணம் செலுத்த வலுவில்லாத நாடுகளுக்கு உதவ ஐக்கிய நாட்டுச் சபையின் பொதுச் செயலாளர் 1989இல் நிதி ஒன்றையே ஏற்படுத்தினார். சிறியவனுக்கும் நல்ல வழக்கறிஞர் வேண்டும் என்பதை உலகமே ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது.

கட்டுப்படியாகுமா?

ஆக, சிறிய ஊருக்குப் பெரிய வழக்கறிஞர் கட்டுப்படியாகுமா? ஜொகூர் சொல்லும் பதில் இதுதான்: எப்போது அமர்த்துகிறோம் என்பதைப் பொறுத்தது. கையெழுத்துக்கு முன் அமர்த்தினால் கட்டுப்படியாகும். கையெழுத்துக்குப் பின் என்றால் பெரும்பாலும் கட்டுப்படியாகாது. 1895இல் ஒரு சட்டத்தை எழுதக் கொடுத்த கூலி 1946இல் பலன் தந்தது. 1953இல் ஒரு வரியை எழுதுமுன் தீர யோசிக்காததற்கு 2008இல் விலை கொடுக்க வேண்டியதாயிற்று. வெள்ளம் வருமுன் அணை போடுவதற்கு ஆகும் செலவும் வெள்ளம் வந்தபின் ஆகும் செலவும் ஒன்றாகுமா?

எனவே வரி கட்டுகிறவர் கேட்க வேண்டிய கேள்வி, "வழக்கறிஞருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்பதோடு நின்றுவிடக் கூடாது. "ஒப்பந்தம் போடும் முன் யாரிடம் காட்டினீர்கள்? பழைய தாள்கள் எங்கே இருக்கின்றன? அந்த வழக்கறிஞர் சொல்வதைப் புரிந்துகொண்டு எதிர்க்கேள்வி கேட்க உங்கள் அலுவலகத்தில் யார் இருக்கிறார்?" என்று கேட்க வேண்டும். இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத நிர்வாகம் லண்டனிலிருந்தே வழக்கறிஞரை வரவழைத்தாலும் அது தண்டச் செலவுதான்.

இது நாடுகளுக்கும் நகரங்களுக்கும் மட்டும் உரிய பாடமா? மலேசியத் தமிழர்கள் இதை நெஞ்சில் கைவைத்து எண்ணிப் பார்க்க வேண்டும். தோட்டத்து மானேஜர் வாய்மொழியாகத் தந்த அனுமதியில் எத்தனை ஆலயங்கள் எழுந்தன! தோட்டம் கைமாறி வீடமைப்பு நிறுவனத்திடம் போகும்போது, நிலப்பட்டா எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் எத்தனை நிர்வாகங்கள் கைபிசைந்து நின்றிருக்கின்றன! கும்பாபிஷேகத்துக்கு லட்சம் திரட்ட முடிகிற ஊரில், நில அலுவலகத்துக்குப் போய் ஆவணம் வாங்க ஒரு வழக்கறிஞருக்குச் சில ஆயிரம் கொடுப்பது மட்டும் வீண் செலவாகத் தெரிவது ஏன்?

எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்பார்கள் பெரியவர்கள். எழுதாத கடன் மட்டுமல்ல, யோசிக்காமல் எழுதிய ஒரு வரியும் அழுதால் தீராது. பத்து பூத்தேயின் கலங்கரை விளக்கம் இன்றும் இரவுதோறும் கப்பல்களை எச்சரித்துக்கொண்டிருக்கிறது. கரையில் இருக்கிறவர்களுக்கும் அதில் ஓர் எச்சரிக்கை உண்டு.